கண்ணாடிப் பெட்டியின் இரண்டாவது நோட்டு

செப்டம்பர் 29, திங்கள்

சொல்வது நான், இன்னாசி. எழுதுவது தொம்மை. மாதா கோயில் தெருவில் டெய்லர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எண்ணத் தெரியும். எண்ணைத் தாளில் போட்டுக் காட்டினால் தெரியாது. ரூபாய் நோட்டை நிறம் பார்த்து வாங்குவேன், பஸ்ஸைக் கேட்டு ஏறுவேன். எழுபத்தாறு வயது வரைக்கும் இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

போன மாதம் ஒருத்தி கேட்டுவிட்டாள். கருவாடு விற்கும் சகாயமேரியின் மகள் ரெக்சிலின். இன்ஜினியரிங் படித்துவிட்டு, மீன் காய வைக்கக் கண்ணாடிப் பெட்டி செய்திருக்கிறாள். மணலில் கொட்டினால் நெத்திலியில் ஈயும் காக்கையும் உட்காரும். பெட்டிக்குள் வெயில் மட்டும் போகும். மேலே சோலார் தகடு, உள்ளே சின்ன ஃபேன். வெளிநாட்டார் ஒரு திட்டம் நடத்துகிறார்களாம். நம்மைப் போல வளர்ந்துகொண்டிருக்கும் நாடுகளில், புதிதாகத் தொழில் தொடங்கும் இளவட்டங்களைப் பொறுக்கி எடுத்துக் கைதூக்கி விடுவது. பதினோரு நாட்டிலிருந்து இருபது பேர். அதில் எங்கள் சங்குமேட்டு ரெக்சிலினும் ஒருத்தி.

இருபதில் ஐந்து பேரைக் கடைசியில் எடுப்பார்கள். எடுத்தால் நாற்பது பெட்டி செய்து நாலு ஊர்க் கருவாட்டுக்காரிகளுக்குக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஆறு பெட்டியை முப்பது நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். பெட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆளே, பார்த்த இடத்தில், பார்த்த நேரத்தில், தன் கைப்பட நோட்டில் குறிக்க வேண்டும். அது அவர்கள் விதி.

“தாத்தா, எழுதப் படிக்கத் தெரியுமில்ல?” என்று கேட்டாள்.

தலையை ஆட்டிவிட்டேன். மூட்டு தேய்ந்து கடலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடம். விடிந்ததும் எழுந்து போக ஓர் இடம் வேண்டியிருந்தது.

உள்ளே இருக்கும் சூட்டைக் காட்ட, பெட்டிக்கு ஒன்றாக வட்ட முகம் வைத்திருக்கிறாள், கடிகாரம் மாதிரி. ஊசி மட்டும் ஒன்று. பெரிய கோடு பத்து, சின்னக் கோடு இரண்டு. எண்ணிவிடலாம். எட்டு மணி, பதினொன்று, இரண்டு, ஐந்து என்று நாலு தடவை. ஆறு பெட்டி. ஒரு நாளைக்கு இருபத்து நாலு எண். எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு சாயங்காலம் இங்கே வந்து சொல்வேன். தொம்மை அவள் நோட்டில் எழுதித் தருவான்.

இன்று எண்ணோடு சேர்த்து மற்றதையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இதுக்கெல்லாம் அந்தப் புள்ள நோட்டுல எடமில்லவே. எண்ணக் கேட்டா ஊர்க்கதை சொல்லுதீரு” என்றான் தொம்மை. பிறகு, பின்பக்கம் காலியாகக் கிடந்த ஓர் அளவு நோட்டை எடுத்தான். “கதைய இதுல போடுதேன்.”

அதுதான் இது. நான் ‘சொல்லுதேன்’ என்றால் அவன் ‘சொல்கிறேன்’ என்று எழுதுகிறானாம். கோணலாக வந்த துணியை அப்படியே தைக்க அவன் கைக்கு வராதாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நல்ல வெயில். மூன்றாம் பெட்டி இரண்டு மணிக்கு ஐம்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே போனால் ஈரம் நிற்கும், மீன் கெடும் என்று சொல்லியிருக்கிறாள். கிட்டவே வரவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

ரெக்சிலின் நோட்டைப் புரட்டினாள்.

“கையெழுத்து அச்சுல கோத்த மாதிரி இருக்கு தாத்தா. எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?”

“அந்தக் காலத்து ஸ்கூலு” என்றேன்.

“புது கவரு வந்திருக்கு. ‘நெத்திலி’ன்னு இதுல ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன். உங்க எழுத்தையே அச்சடிச்சிரலாம்.”

பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். கண்ணாடி தலையில்தான் இருக்கிறது என்றாள். இது தூரத்துக்கு என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனாள். கவரை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். தொம்மை ‘நெத்திலி’ என்று எழுதிக் கொடுத்தான்.

அக்டோபர் 4, சனி

சனிக்கிழமைதோறும் இருபது பேரும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். இன்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். கென்யாவில் ஒரு பெண், ஏரி மீனுக்குக் குளிர்ப்பெட்டி செய்கிறாளாம். நேபாளத்தில் ஒரு பையன் இஞ்சி காய வைக்கிறானாம். கென்யாக்காரி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். அந்த வாரம் எது சரியில்லாமல் போனதோ, அதை ஒவ்வொருத்தரும் முதலில் சொல்ல வேண்டும். கென்யாக்காரி பெட்டிக் கதவு கழன்று ஒரு நாள் மீன் முழுதும் போனதைச் சொன்னாளாம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். நேபாளத்தான் தகடு திருடு போனதைச் சொன்னான். ரெக்சிலின் முறை வந்தது.

“என்ன சொன்னே?” என்று பிறகு கேட்டேன்.

“எல்லாம் சரியாத்தான் போகுதுன்னேன். உண்மைதானே தாத்தா.”

உண்மைதான்.

வரும் வழியில் பழைய ஞாபகம். எண்பத்தாறில் இங்கேயும் ஒரு திட்டம் வந்தது. பலகை வள்ளம். மரத்தைக் குடைந்ததுக்குப் பதிலாக ஒட்டுப்பலகை. ஊருக்குப் பதினொன்று கொடுப்பதாகச் சொல்லி, முதலில் ஒன்றைப் பதினைந்து நாள் ஓட்டிப் பார்த்தார்கள். ஆறாம் நாளும் பத்தாம் நாளும் அணியத்துப் பக்கம், முன்முனையில், பலகை சேரும் தையலில் நீர் கசிந்தது. ஆறாம் நாள் வாடைக்காற்று, பத்தாம் நாள் காற்றில்லை. கடைசியில் தாளில், கசிவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்த ஆளிடம் கட்டை விரல் வாங்கினார்கள். அந்த வருடம் கார்த்திகையில் ஒரு வள்ளம் அலைவாயில், அலை உடையும் இடத்தில், பிளந்தது. போன இரண்டு பேரில் ஒருவன் பிலவேந்திரன், தொம்மையின் அண்ணன்.

விரல் வைத்தது யார் என்று ஞாபகமில்லை.

[பத்தாம் நாள் காற்று நின்றதுகூட ஞாபகம் இருக்கிறது. விரல் வைத்தவன் பேர் இல்லையாம். இன்னாசிக்கு மறந்துபோன ஒன்று இருப்பது எனக்குப் புதிது. தொ.]

அக்டோபர் 9, வியாழன்

பூனை ஒன்று நாலாம் பெட்டியின் மேல் படுத்துக்கொள்கிறது, கதகதப்புக்கு. நிழல் விழுந்து ஊசி இறங்குகிறது. மூன்று தடவை விரட்டினேன். பதினொரு மணிக்கு நாலாம் பெட்டி நாற்பத்து நாலு. பூனைதான் காரணம் என்று எழுதச் சொன்னேன்.

பஞ்சாயத்து ஆபீசிலிருந்து முதியோர் பென்ஷனுக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். தாளில் ஒரு விரல் வைத்தால் போதுமாம். போகவில்லை. ரேஷன் கடை மிஷினில் வைப்பது வேறு. அதில் யாரும் எதுவும் எழுதி வைத்திருப்பதில்லை.

அக்டோபர் 13, திங்கள்

ரெக்சிலினைச் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், மூன்று நாள் பயிற்சி. தொழிலை எப்படிப் பெருக்குவது, ஆட்கள் முன்னால் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தருவார்களாம். சகாயமேரியும் துணைக்குப் போகிறாள். அவள் சென்னை பார்த்ததில்லை. பெட்டிகளுக்குப் பக்கத்து ஷெட்டின் சாவியை என் கையில் கொடுத்தாள் ரெக்சிலின்.

“உங்கள நம்பித்தான் போறேன் தாத்தா. ஒரு எண்ணும் விடக்கூடாது.”

வடக்கே வானம் ஈயம் மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. எட்டு மணிக்கு எல்லாப் பெட்டியும் இருபத்தெட்டு. ஃபேன் சுற்றவில்லை. தகட்டுக்கு வெயில் இருந்தால்தானே. பதினொன்றுக்கு முப்பது. இரண்டு மணிக்கு ஒன்றாம் பெட்டி முப்பத்திரண்டு, இரண்டு முப்பத்திரண்டு, மூன்று முப்பத்து நாலு, நாலு முப்பது, ஐந்து முப்பத்து நாலு, ஆறு முப்பத்திரண்டு. ஐந்து மணிக்கு மறுபடி இருபத்தெட்டு. கண்ணாடிக்கு உட்பக்கம் வேர்த்து ஒழுகியது. பத்துக் கிலோ சாளை மீன். சாயங்காலம் தொட்டால் விரல் உள்ளே போனது. மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டேன்.

எல்லாம் சொன்னேன்.

“இதையுமா எழுதணும்?” என்றான் தொம்மை.

“எழுது.”

தீபாவளித் துணி அவன் மேசையில் கூரைவரை குவிந்திருக்கிறது. பாதி ரவிக்கையை மிஷினில் விட்டுவிட்டு எழுதினான்.

“எழுதியாச்சு” என்றான்.

அக்டோபர் 15, புதன்

மழை. முப்பத்திரண்டுக்கு மேல் எந்தப் பெட்டியும் ஏறவில்லை. மீன் புதைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. நேற்றைப் போலவே. இரண்டு மணிக்கு ஐந்தாம் பெட்டி மட்டும் முப்பத்து நாலு. மீன் கொஞ்சம் தேறும் என்று பார்த்தேன். முகர்ந்ததும் புதைத்துவிட்டேன். நாய் ஒன்று தோண்டப் பார்த்தது, மேலே கல் வைத்தேன்.

அவள் வந்து நோட்டைப் பார்த்தால் மனம் உடைந்து போவாள். பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

வந்துவிட்டாள். வெயிலும் வந்துவிட்டது. வந்ததும் நோட்டைத்தான் எடுத்தாள். அந்த மூன்று பக்கத்தையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

“சூப்பர் தாத்தா” என்றாள்.

அவ்வளவுதான். மீன் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சென்னையில் தங்கியிருந்த ஹோட்டலில் லிஃப்டுக்குள் அம்மா கண்ணை மூடிக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தோல்வியைச் சிரித்தபடி தாங்குகிறார்கள் போல. கென்யாக்காரியும் சிரித்தாளே.

அக்டோபர் 18, சனி

கம்ப்யூட்டரில் எல்லாரும் அவளுக்குக் கை தட்டினார்கள். எதற்கென்று புரியவில்லை. இங்கிலீஷ். இருபது பேரில் இப்போது இவள் முன்னால் இருக்கிறாளாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெற்குத் தெருவில் வெடி. பூனை பெட்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. தொம்மை மூன்று நாளாகத் தூங்கவில்லை, எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இது மறுநாள் எழுதியது.

அக்டோபர் 22, புதன்

இன்று நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் எழுது என்று தொம்மையிடம் சொல்லிவிட்டேன். அவனைப் பற்றியதும் சேர்த்து.

மத்தியானம் இரண்டு மணி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்குள் ரெக்சிலின் அவள் அம்மாவுக்கு நோட்டை வாசித்துக் காட்டினாள்.

“மழை பெஞ்ச மூணு நாளும் நாப்பத்தாறுக்குக் கீழ இறங்கலம்மா. ஒரு பெட்டி கூட இறங்கல. அன்னிக்குக் காஞ்ச மீனத் தாத்தா அக்கம்பக்கத்துக்குக் குடுத்ததா எழுதியிருக்காரு. இத வச்சுத்தான் எனக்கு அன்னிக்குக் கை தட்டுனாங்க.”

“அப்ப கார்த்திகை, மார்கழியிலயும் நம்ம நெத்திலி காயுமா?” என்று சகாயமேரி கேட்டாள்.

“காயும்மா. அதான், எடுத்தா நாலு ஊருக்கும் இந்த மழைக்கே குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. முதப் பெட்டி உனக்குத்தான்.”

ஐந்து மணி எண்ணையும் எடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். தொம்மை பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தான்.

“பதினாலாந் தேதி ரெண்டு மணி, ஒண்ணாம் பெட்டி. நான் என்னல சொன்னேன்?”

அவன் தலை நிமிரவில்லை. “முப்பத்திரண்டு.”

“நீ என்ன எழுதுனே?”

ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். “நாப்பத்தாறு.”

“ஏம்ல?”

“ஏன்னா என்னவே சொல்ல. பதினஞ்சு நாளு அம்பது, அம்பத்தஞ்சுன்னு ஒரே சீரா வந்திட்டிருக்கு. நடுவுல மூணு பக்கம் மட்டும் கிழிஞ்சு தொங்குது. கைக்கு வரல. அந்தப் புள்ள ஜெயிக்கணும்னுதானே நீரும் நெனைக்கீரு. வருசம் பூரா மழையா பெய்யுது? மூணு நாளு. மூணு நாளால யாருக்கு என்ன போச்சு?”

“மீன் போச்சு.”

“அதான் புதைச்சிட்டீரே.”

“நாலு ஊருல புதைக்க மாட்டாளுவ. அன்னிக்குக் காசு போட்டு வாங்குன மீன எவளும் மண்ணுல போட மாட்டா. பாதி காஞ்சதச் சந்தைக்குத்தான் கொண்டு போவா. தின்னவன் வயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பான்.”

“நீரு ரொம்பத்தான் பேசுதீரு. மொதல்ல தலைய ஆட்டுனது யாரு? எழுதத் தெரியும்னு அந்தப் புள்ளகிட்டச் சொன்னது நானா?”

மேசையிலிருந்து விழுந்த நூல்கண்டை எடுத்து வைத்தேன். அவன்தான் மறுபடி தொடங்கினான், குரலைத் தணித்து.

“முப்பது நாள்ல இருவத்தேழு நாளு நல்லாத்தானே ஓடும். அந்த மூணு நாள விட்டுருவோம்.”

அதைக் கேட்டதும் துணிமூட்டை மேல் உட்கார்ந்தேன்.

“இதே பேச்ச நான் முன்ன ஒருக்க கேட்டிருக்கேன். பதினஞ்சு நாள்ல பதிமூணு நாளு நல்லா ஓடுச்சே, அந்த ரெண்டு நாள விட்டுருவோம்னான் ஒருத்தன். வள்ளத்தோட வந்தவன். வெள்ளச் சட்ட, பையில ரெண்டு பேனா.”

தொம்மை என்னைப் பார்த்தான்.

“யாருகிட்டச் சொன்னான்?”

“விரல் வச்சவன்கிட்ட.”

“அது யாருன்னு ஞாபகமில்லன்னீரு.”

“ஞாபகமிருக்கு.”

தொம்மை எழுந்து கடையின் பாதிக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

“சொல்லும்.”

“நாந்தான்” என்றேன்.

முப்பத்தொன்பது வருடம். அவன் அண்ணனைக் கடல் கரையில் ஒதுக்கிய அன்று உடலைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவன் தங்கை கல்யாணத்துக்குப் பந்தல்கால் ஊன்றினேன். ஒவ்வொரு சாயங்காலமும் இந்தக் கடையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஒரு நாளும் சொல்லவில்லை.

“படிக்கத் தெரியாம வச்சீரு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு உமக்குத் தெரியாது.” இது கேள்வியா, எனக்கு அவன் போட்டுத் தந்த பாலமா என்று தெரியவில்லை.

“தெரியும். வாசிச்சுக் காட்டுனான். கசிவில்லன்னு வாசிச்சான். கேட்டுட்டுத்தான் வச்சேன்.”

இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “இதையும் எழுதணுமா?” என்று கேட்டான்.

எழுது என்றேன். நான் சொன்னபடியே, நேராக்காமல்.

[எழுதிவிட்டேன். தொ.]

அக்டோபர் 26, ஞாயிறு

இது வேறு கை. சொல்வது நான்தான், இன்னாசி. எழுதுவது ரெக்சிலின்.

தொம்மை கடை மூன்று நாளாகப் பூட்டியிருக்கிறது. வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வாசலிலேயே நின்று, தூங்குகிறார் என்றாள். உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. இந்த மூன்று நாள் எண்களும் என் தலையிலேயே இருந்தன. புதன்கிழமை அவன் கடையிலிருந்து எடுத்து வந்த நோட்டுகள் இரண்டையும் இன்று காலை பூசை முடிந்ததும் கொண்டுபோய் ரெக்சிலின் முன்னால் வைத்தேன்.

“இது உன் நோட்டு. இது என்னது. என்னதுலதான் நெசம் இருக்கு.”

நின்ற இடத்திலேயே முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். கவரில் ‘நெத்திலி’ எழுதிய இடத்தில் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பதினாலாம் தேதி வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். முடிக்க அரைமணி நேரம் ஆனது. நான் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்ததையே மறுபடியும்.

“புதன்கெழம திட்டத்துலேருந்து வைதேகி மேடம் வாராங்க. கடைசிப் பார்வை” என்றாள்.

“தெரியும்.”

“நீங்க சொல்லாம இருந்திருக்கலாமே தாத்தா.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“எனக்குத் தெரியாமலே போயிருக்கும். நான் பொய் சொன்னதா இருந்திருக்காது. இப்பப் பாருங்க, இத மறைச்சா பொய் என்னோடது. சொன்னா ரெண்டு வருச வேல போச்சு. எந்தப் பக்கம் போனாலும் எனக்குத்தான்.” எழுந்து ஒன்றாம் பெட்டியின் கதவைத் திறந்தாள், மூடினாள். “எழுதத் தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா வேற ஏதாவது செஞ்சிருப்பேன். நீங்க பாத்த எண்ண ஃபோன்ல பேசிப் பதிஞ்சு வைக்கச் சொல்லியிருப்பேன். அதுக்கு அவங்களே விட்டிருப்பாங்க.”

இது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் வேறு வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் ஐந்து மணி எண்ணை நான் சொல்ல, அவளே எழுதினாள். பிறகு இந்த நோட்டையும் எடுத்து, “சொல்லுங்க” என்றாள்.

எண்பத்தாறைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். பதினொரு பேர் வள்ளத்துக்குக் காத்திருந்தார்கள். விரல் வைப்பதற்கு முந்தின நாள் பிலவேந்திரன் என் வீட்டுக்கு வந்தான். “வச்சிருண்ணே. ரெண்டு நாள் கசிவுதானே, தார் பூசிக்கிடலாம். நீ வைக்கலன்னா யாருக்கும் கெடைக்காது” என்று கெஞ்சினான்.

“இத தொம்மை தாத்தாகிட்டச் சொன்னீங்களா?”

“இல்ல. விரல் என்னது. போனவன் தலையில ஏத்தக் கூடாது.”

இதை மட்டும் எழுதாதே என்றேன். எழுதமாட்டேன் என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

வெயில். எல்லாம் ஐம்பதுக்கு மேல். ரெக்சிலின் காலையில் வரவில்லை. மத்தியானம் வந்தாள், கண் வீங்கியிருந்தது. அளவுநாடா எடுத்துப் பெட்டிக்கு அடியில் எதையோ அளந்தாள்.

“மழை நாள்ல கீழ உமி போட்டு எரிச்சுச் சூடு குடுத்தா எத்தன ஏறும் தாத்தா?”

“போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

“முப்பத்திரண்டுன்னு தெரிஞ்சதாலதான இதக் கேக்குறேன்” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

புதன்கிழமை என்ன செய்யப் போகிறாள் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

முப்பதாம் நாள். கடைசி எண், ஆறாம் பெட்டி ஐந்து மணிக்கு நாற்பத்தெட்டு. தொம்மை கடை திறந்திருந்தது. அவன் இல்லை.

அக்டோபர் 29, புதன்

பத்து மணிக்கு வைதேகி வந்தார். நாற்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, வெயிலுக்குத் தொப்பி. பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். மீனை ஒடித்துப் பார்த்தார், வாயில் போட்டும் பார்த்தார். பிறகு ஷெட்டில் உட்கார்ந்து நோட்டைக் கேட்டார்.

ரெக்சிலின் இரண்டு நோட்டையும் வைத்தாள்.

“மேடம், பாக்குறதுக்கு முன்னால ஒண்ணு. எங்க சனிக்கிழம வழக்கப்படி, எது சரியில்லாமப் போச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன்.”

சொன்னாள். என்னைக் காப்பாற்றவும் இல்லை, மாட்டிவிடவும் இல்லை. நடந்தது நடந்தபடி. வைதேகி இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடுவில் என்னிடம் ஒரு தேதியும் நேரமும் சொன்னார். நான் ஆறு பெட்டியும் சொன்னேன். இன்னொரு தேதி. அதையும் சொன்னேன். எட்டு தேதி கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

“இது மேல போனா என்ன ஆகும்னு தெரியுமில்ல ரெக்சிலின்? எழுதினது வேற ஆள், அதுவும் மாத்தி எழுதியிருக்கு. ரெண்டு விதி மீறல். இந்த அஞ்சு பேர்ல உன்னப் போட முடியாது. நான் நெனச்சாலும் முடியாது.”

“அப்ப நாப்பது பெட்டி?”

“இந்த வருஷம் கிடையாது. அடுத்த சுத்துக்கு நீ வரலாம். மழைக்காலம் முழுக்க ஓட்டிக் காட்டணும். எடுப்பாங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது.”

வெளியே சகாயமேரி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். ரெக்சிலின் அவளைப் பார்த்தாள். சகாயமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மேடம் காத்திருக்காங்க. எழுதுறத எழுதிக் குடு” என்றாள் மகளிடம்.

வைதேகி என்னைக் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் வாக்குமூலம் எழுதினார். பெட்டியைப் பார்த்தவர் இன்னார், நோட்டை எழுதியவர் இன்னார், அந்த மூன்று நாளின் உண்மையான எண்கள் இவை. கீழே இரண்டு பேர் ஒப்பம் வேண்டும் என்றார். என்னுடையது, தொம்மையுடையது.

தொம்மை வரமாட்டான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரெக்சிலின் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முக்கால் மணி நேரம் ஆனது. வைதேகிக்கு டீ வாங்கி வந்தேன். ஆறிப்போனது.

இருவரும் வந்தார்கள். தொம்மை கழுத்தில் நாடா அப்படியே தொங்கியது. நோட்டு அவன் கையில் இருந்தது. என் பக்கம் திரும்பவில்லை. தாளை வாங்கி முழுக்க வாசித்தான். கையெழுத்துப் போட்டான்.

“இனி நீங்க ஐயா” என்றார் வைதேகி.

“வாசிச்சுக் காட்டுங்க” என்றேன்.

வாசித்தார். இருபத்து நாலு எண், மூன்று நாளைக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதினாறாம் தேதி இரண்டு மணி வந்தது.

“ஐந்தாம் பெட்டி, முப்பத்திரண்டு.”

“முப்பத்து நாலு” என்றேன்.

“ரெண்டு டிகிரிதானே ஐயா. எப்படிப் பார்த்தாலும் மீன் கெட்டிருக்கும்.”

“முப்பத்து நாலும்மா.”

இந்த நோட்டைத் தொம்மை புரட்டினான். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தான்.

“முப்பத்து நாலுதான்” என்றான்.

வைதேகி அடித்துத் திருத்தி, பக்கத்தில் தம் பெயரைப் போட்டார். முதலிலிருந்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். சரியாக இருந்தது.

மை டப்பா இல்லை. யாரும் கொண்டு வரவில்லை. நான் கட்டை விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். ரெக்சிலின் பையைத் துழாவினாள். தொம்மைதான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். என் கையைப் பிடித்து, விரலைத் திருப்பி, துணியில் குறி போடுவது போலக் கோடு கோடாக மை ஏற்றினான். ஓரம்வரை, இடைவெளி விடாமல்.

“அண்ணன் வந்து கெஞ்சுனத எனக்கு ஏம்வே சொல்லல?” என்றான், விரலைப் பார்த்தபடியே.

எழுதமாட்டேன் என்று சொன்ன ரெக்சிலின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொம்மை என் விரலைத் தாளின் மேல் கொண்டுபோய், அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அமுத்தி வையும்” என்றான். “தெளிவா விழணும்.”